கலங்கிய நீரைக் கொண்டாடியவர்

அந்த வருடம் பினாங்குக் கடல் கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ் டவுனுக்குப் போகும் லாஞ்சியில், அதாவது நீராவிப் படகில், காலை ஏழரை மணிக்கு நாங்கள் எல்லோரும் ஓரக் கம்பியில் சாய்ந்துகொண்டு தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். படகுத்துறைத் தூண்களின் அடிப்பாகம்கூடத் தெரிந்தது. "நம்ம வீட்டுக் கிணத்துலகூட இப்படி ஒரு சுத்தம் கிடையாது" என்று தபால் குமாஸ்தா ஒருவர் வியந்தார்.

எங்கள் காலடியில் எஞ்சின் அறையின் மூடி திறந்தது. கரியும் எண்ணெயும் பூசிய முகம் ஒன்று மேலே வந்தது.

"அழகா இருக்குன்னு பார்க்கிறீங்களா சார்? சாப்பாடு இல்லாத கடல் லா இது. பட்டினி கிடக்குது."

பினாங்குக்காரர்களுக்கே உரிய அந்த 'லா'வோடு சொல்லிவிட்டு மூடியைச் சாத்திக்கொண்டு இறங்கிவிட்டார். குமாஸ்தா என்னைப் பார்த்து, நெற்றிப் பக்கத்தில் விரலைச் சுழற்றிக் காட்டினார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றும் எனக்குக் கொஞ்சம் வெட்கம் உண்டு.

அவர்தான் அந்த லாஞ்சியின் எஞ்சின் டிரைவர். நாற்பது வயதிருக்கும். நான் ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் மருந்தகத்தில் டிரசராக இருந்தேன். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, மருந்து கலப்பது, மலேரியா இருக்கிறதா என்று ரத்தத்தைப் பூதக்கண்ணாடிக் குழாயில் பார்ப்பது, இதெல்லாம் என் வேலை. அவரைவிட நாலைந்து வயது இளையவன். அதனால் அண்ணே என்று கூப்பிட்டேன். அவர் கடைசிவரை என்னை டிரசர் என்றுதான் கூப்பிட்டார்.

நீராவி எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீரை உள்ளே இழுக்கும் குழாய் ஒன்று லாஞ்சியின் அடியில் உண்டு. குப்பை ஏறாமலிருக்க அதன் வாயில் ஒரு சல்லடை இருக்கும். ஒரு தடவை சொறிமீன்கள் கூட்டமாக வந்து அதை அடைத்துவிட்டன. எஞ்சின் நின்று, நடுக்கடலில் ஒரு மணி நேரம் லாஞ்சி மிதந்துகொண்டு கிடந்தது. மற்ற டிரைவர்கள் சல்லடையைக் கழுவிக் கவிழ்ப்பதோடு சரி. இவர் அன்றிலிருந்து சல்லடையில் வருவதையெல்லாம் பார்க்க ஆரம்பித்தார். ஒரு மாதம் சின்ன இறால், ஒரு மாதம் பாசி, ஒரு மாதம் ஒன்றுமேயில்லை. ஏன் என்று அவருக்குப் பிடிபடவில்லை. பிடிபடாத எதையும் சும்மா விட அவரால் முடியாது.

சல்லடையில் நிற்காத நுண்ணிய பொருளைப் பிடிக்க, பம்புக் குழாயில் இருந்த சின்னப் பித்தளைத் திருகில் மல் துணிப் பை ஒன்றைக் கட்டினார். லாஞ்சி இந்தக் கரையை விட்டு அந்தக் கரையைத் தொடும்வரை திருகை எப்போதும் ஒரே அளவுதான் திறந்து வைப்பார். பையில் தேங்கியதை ஒரு மருந்துப் புட்டியில் கழுவி ஊற்றுவார். சாயங்காலத்துக்குள் அது அடியில் படியும். அந்தக் காலத்தில் மருந்துப் புட்டிகளின் பக்கத்தில், ஒரு வேளைக்கு எவ்வளவு என்று காட்ட, படிபடியாக வெட்டிய காகிதத்தை ஒட்டுவோம். அந்தக் கோடுகளை வைத்துத்தான் அவர் அளந்தார். அரைக் கோடு, ஒரு கோடு, ஒன்றரைக் கோடு. புட்டி கேட்டுத்தான் முதன்முதலில் என் மருந்தகத்துக்கு வந்தார். அடுத்த மாதம், நீரின் சூட்டைப் பார்க்க ஒரு பழைய வெப்பமானியையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

மல் துணி வந்த வழியை அவர் மனைவி சொன்னார். "என் கல்யாணச் சீலைக்கு உள்ள கட்டுற துணி தம்பி அது. கேட்டா, இதுதான் நெசவுல ரொம்ப நெருக்கமா இருக்குன்றாரு. அடுத்து எந்தச் சீலைன்னு பயந்துக்கிட்டு இருக்கேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை தலை வாரி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு புட்டியோடு வந்தார். ஒரு சொட்டை எடுத்து மலேரியா பார்க்கும் கருவியில் வைத்தேன். கண்ணாடிப் பெட்டிகளைப் போலப் பச்சையும் பழுப்புமாகச் சின்னச் சின்ன உருவங்கள். நடுவில் ஒற்றைக் கண்ணோடு, இரண்டு நீண்ட துடுப்புகளை விரித்தபடி கிடந்த ஒரு பூச்சி. நான் பார்த்துவிட்டு அவருக்கு இடம் விட்டேன். கால்மணி நேரம் அவர் கண்ணை எடுக்கவில்லை.

"கெம்போங் மீன் வயித்தைக் கீறிப் பார்த்திருக்கேன் டிரசர். இதே பச்சைக் களிதான் இருக்கும். இதைத் தின்னுதான் அது வளருது. இது இல்லைன்னா அது இல்லை."

நம் நாட்டில் கானாங்கெளுத்தி என்கிறோமே, அதுதான் கெம்போங். பினாங்கில் ஏழை வீட்டுச் சட்டியில் எந்த நாளும் இருக்கும் மீன். ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்த காலம் அது. அந்த மீனும் இல்லையென்றால் வெறும் சோறுதான்.

அவருடைய கணக்குப் புத்தகம் பழுப்பு அட்டை போட்ட நீளமான நோட்டு. தேதி, நீரின் சூடு, நிறம், மழை உண்டா இல்லையா, புட்டியில் எத்தனை கோடு. கையெழுத்து பள்ளிப் பிள்ளையின் கையெழுத்து மாதிரி உருண்டையாக இருக்கும். தன் கண்ணால் பார்க்காத எதையும் அதில் அவர் எழுதமாட்டார்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒருமுறை அவருக்கு மலேரியா வந்து மூன்று நாள் படுத்துவிட்டார். கொய்னா கொடுக்கப் போன என்னிடம், "நீங்க தினம் லாஞ்சியில போறவர்தானே, எனக்காக அளந்து எழுதுவீங்களா?" என்று கேட்டார். இரண்டு நாள் ஒழுங்காகச் செய்தேன். மூன்றாம் நாள் மாதா திருநாள், மருந்தகத்துக்கு விடுமுறை. நான் கடலைத் தாண்டவேயில்லை. முந்தின நாள் எண்ணையே கொஞ்சம் மாற்றி எழுதி வைத்தேன். ஒரு நாள்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

வேலைக்குத் திரும்பியதும் நோட்டைப் பிரித்தார். "இது நீங்க பார்த்து எழுதினதா?" என்றார்.

"ஆமாண்ணே."

"அன்னைக்கு லாஞ்சி ஓடல டிரசர். பாய்லர் கழுவ மேல ஏத்திட்டாங்க. வேற லாஞ்சி ஓடுச்சு."

எனக்குக் காது சுட்டது. அவர் திட்டவில்லை. சிவப்புப் பென்சிலை எடுத்து என் எண்ணின் மேல் ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் 'தெரியாது' என்று எழுதினார். "இதுல வெட்கம் ஒண்ணும் இல்லை லா. தெரியாததைத் தெரியாதுன்னு எழுதினா, மத்த நாள் எழுதினது நிக்கும்" என்றார். ஆனால் அதற்குப் பிறகு ரொம்ப நாள் என்னிடம் நோட்டைக் கொடுக்கவில்லை.

லாஞ்சியில் நான் சிரித்த அந்த நாளையொட்டித் தொடங்கி, இரண்டு வருடம் மழை பொய்த்தது. பிறை ஆறும் மூடா ஆறும் வற்றி இளைத்தன. கடலில் சூடு ஏறியது. கலங்கல் இல்லாமல் தண்ணீர் நாளுக்கு நாள் அழகாகிக்கொண்டே போனது. போகப் போகப் புட்டி அரைக் கோட்டைத் தாண்டவில்லை. கெம்போங் முதலில் குறைந்தது, பிறகு சிறுத்தது, பிறகு கூடைகளில் இல்லாமலே போனது.

பட்டர்வொர்த்துக்கு வடக்கே கடற்கரையில் ஒரு மலாய்க் கம்பம், மீனவர் கிராமம். அதன் தலைவர் பாக் மாட் தினமும் எங்கள் லாஞ்சியில்தான் மீன்கூடைகளை ஜார்ஜ் டவுன் பாசாருக்கு, அதாவது சந்தைக்கு, ஏற்றிவருவார். கூடை காலியான பிறகும் பழக்கத்தில் வந்து எஞ்சின் அறை மூடியருகே உட்கார்ந்திருப்பார். தாங்கள்தான் அளவுக்கு மீறிப் பிடித்துவிட்டோம் என்று நினைத்து, அந்தக் கம்பத்தார் ஒரு பருவம் முழுவதும் பாதி வலைகளைக் கரையில் ஏற்றி வைத்தார்கள். அப்படியும் மீன் பெருகவில்லை. அப்போதுதான் அவர்களுடைய கோபம், பெரிய வலைப் படகுகள் வைத்திருந்த சீன முதலாளியான தவுக்கேயின் மேல் திரும்பியது. அவர் படகுகளைக் கொளுத்திவிட வேண்டும் என்று இளவட்டங்கள் வெளிப்படையாகவே பேசினார்கள்.

ஒரு ஞாயிறு பிற்பகல் பாக் மாட் எங்கள் டிரைவரை அழைத்தார். நானும் கூடப் போனேன். கடற்கரையில் அறுபது எழுபது பேர் நின்றார்கள். சிலர் கையில் பாராங் கத்தி இருந்தது. பேச்சு மலாயில் நடந்தது. எனக்குப் புரிந்ததைத் தமிழில் தருகிறேன்.

"தவுக்கேயின் வலை பெரியது, அது நிஜம்" என்றார் இவர். "ஆனால் நீங்கள் பாதி வலையை ஏற்றி வைத்தீர்களே, அப்போதும் ஏன் மீன் பெருகவில்லை? குஞ்சு பொரித்தாலும் அதற்குத் தின்ன ஒன்றுமில்லை. இரண்டு வருடமாக நான் அளந்துகொண்டு வருகிறேன். அவர் படகைக் கொளுத்தினால் கடலில் சாப்பாடு வந்துவிடாது."

"சாப்பாடு எப்போது வரும்?" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கேட்டான்.

"தா தாவு."

மலாயில் அதற்குத் தெரியாது என்று பொருள்.  கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். இன்னொருவன் மணலில் துப்பினான். படகுகள் எரியவில்லை, அது உண்மை. ஆனால் அன்றிலிருந்து கம்பத்தில் அவருக்குத் 'தா தாவு' என்றே பெயர் விழுந்துவிட்டது. லாஞ்சியில் வந்த தமிழர்கள் காதில் அது தாத்தா என்று விழுந்ததால், நாற்பது வயது மனிதரை எல்லோரும் தாத்தா தாத்தா என்றார்கள். அவரும் கூப்பிட்டதற்கு ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும் வழியில் எனக்குக் கோபம். "ரெண்டு மாசத்துல வந்துரும்னு சொல்லியிருக்கலாமேண்ணே. அந்தச் சனம் கொஞ்சம் தெம்பாவாவது இருந்திருக்கும்."

அவர் நடையை நிறுத்தவில்லை. "அதை நம்பிப் போய்க் கல்யாணம் வெச்சிருவாங்க டிரசர். படகு பழுது பார்க்கக் கடன் வாங்கிருவாங்க. வரலைன்னா நான் எந்த முகத்தோட இந்தப் பக்கம் வருவேன்?"

அடுத்த பருவத்தில் மழை வந்தது. சாதாரண மழையில்லை; வானத்தைக் கிழித்துக்கொண்டு வந்தது. பிறை ஆற்றின் வாயிலிருந்து பழுப்புச் சேறு கடலுக்குள் நெடுந்தூரம் நாக்கு நீட்டியது. காற்று அடியிலிருந்து கடலைப் புரட்டிப் போட்டது. நோட்டில் சூடு இரண்டு டிகிரி இறங்கியது. தண்ணீர் பச்சை பிடித்துக் கலங்கி, ஒரு மாதிரி வாடை வீசத் தொடங்கியது.

"சாக்கடை மாதிரி ஆயிருச்சே" என்று பயணிகள் மூக்கைப் பிடித்தார்கள். மூடி திறந்து அவர் மேலே வந்தார், கையில் புட்டி. இரண்டு கோடு. அதை வெயிலில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த மனிதர் பல் தெரியச் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

"இதுதான் சார் கடல்! வாடை அடிக்குதா? அடிக்கட்டும். நல்லா அடிக்கட்டும்!"

மூன்று வாரத்தில் புட்டி மூன்று கோட்டைத் தொட்டது. படகுத்துறைத் தூண்களைச் சுற்றிச் சுண்டுவிரல் அளவில் கெம்போங் குஞ்சுகள் மொய்த்தன. அவர் சிரிப்பு அதோடு நின்றது. கம்பத்தில் கண் சிறுத்த நெத்திலி வலைகளை எடுத்துச் சரிபார்க்கிறார்கள் என்று பாக் மாட் வாயிலாகக் கேள்விப்பட்டார். பட்டினி கிடந்தவர்கள் கண்ணுக்கு எதிரே மீன் துள்ளினால் என்ன செய்வார்கள்?

மறுநாள் வேலை முடிந்ததும் கம்பத்துக்குப் போனோம். இந்த முறை அவரை யாரும் அழைக்கவில்லை. தானாகப் போய் நின்றார். புட்டியை மணலில் வைத்தார்.

"மூன்று மாதம் இந்தக் குஞ்சுகளை விட்டுவிடுங்கள்."

கூட்டத்தில் கூச்சல் எழுந்தது. ஒரு பெண் இடுப்புக் குழந்தையோடு முன்னால் வந்து, "மூன்று மாதம் இவன் எதைத் தின்பான்?" என்று கேட்டாள். அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. புட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். இரண்டு வருடமாக வராத சாப்பாடு இப்போது வந்திருக்கிறது. அதைத் தின்ன இந்தக் குஞ்சுகள் மட்டும்தான் மிச்சம். இவற்றையும் பிடித்துவிட்டால் சாப்பாடு இருக்கும், தின்பதற்கு மீன் இருக்காது."

"மூன்று மாதத்தில் பெரிதாகிவிடும் என்று சத்தியம் செய்வாயா?"

"மாட்டேன்."

 முடிந்தது கதை என்று நினைத்தேன். அப்போது பாக் மாட் எழுந்தார்.

"பொய் சொல்கிற ஆளாக இருந்தால் போன வருடமே சொல்லியிருப்பான்" என்றார். "சீக்கிரம் வந்துவிடும் என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாமே இவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிருப்போம். இவன் தா தாவு என்றான். நாம் சிரித்தோம். இன்றைக்கு முதல்முறையாக எனக்குத் தெரியும் என்று ஒன்றைச் சொல்கிறான். நான் கேட்கப்போகிறேன்."

அவர் தன்னுடைய நெத்திலி வலையைச் சுருட்டி வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்தார். பிறகு ஒவ்வொருவராகச் சுருட்டினார்கள்.

பாக் மாட்டும் இவரும் நானுமாகத் தவுக்கேயின் கடைக்கும் போனோம். தவுக்கே புட்டியைத் திறந்து மோந்து முகத்தைச் சுளித்தார். தன் படகுகளைக் கொளுத்தாமல் தடுத்தவர் இவர் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கல்லாப் பலகையில் உள்ளங்கையை விரித்து வைத்து, நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை காட்டினார். "இதைவிடச் சின்ன கெம்போங்கை யார் கொண்டுவந்தாலும் வாங்கமாட்டேன். என் படகே கொண்டுவந்தாலும் வாங்கமாட்டேன்" என்றார்.

அந்த மூன்று மாதங்களும் லேசாகப் போகவில்லை. கம்பத்துப் பெண்கள் சேற்றில் இறங்கிச் சிப்பி பொறுக்கினார்கள். வீட்டுக்கு வீடு மரவள்ளிக்கிழங்கு வெந்தது. ஒருநாள் லாஞ்சியிலேயே ஒருவன் எஞ்சின் அறைக்குள் குனிந்து அவரை வாய்க்கு வந்தபடி திட்டினான். அவர் எஞ்சினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டார்.  இரண்டாம் மாதத்தில் அவருக்கு எலும்பு தெரிய ஆரம்பித்தது. "அந்தச் சனம் மரவள்ளி தின்னுறப்ப நமக்கு மட்டும் என்ன சோறுன்றாரு தம்பி" என்று அவர் மனைவி என்னிடம் வருத்தப்பட்டார். "சொல்லிப் பாருங்களேன். நீங்க சொன்னா கேப்பாரு." நான் சொன்னேன். கேட்கவில்லை.

மூன்றாவது மாதம் முடிந்து சில நாட்களில், காலை லாஞ்சி பாதித் தூரம் போயிருந்தபோது, தெளிந்த வானத்தின் கீழே மழை பெய்கிற சத்தம் கேட்டது. எல்லோரும் கம்பிக்கு ஓடினோம். கடல் மேற்பரப்பு முழுக்கக் கெம்போங் கூட்டம் வாயைத் திறந்துகொண்டு நீரை வடித்தபடி சரசரவென்று போய்க்கொண்டிருந்தது. வடக்கே பாக் மாட்டின் படகுகள் விளிம்புவரை தாழ்ந்து வந்தன. சுக்கான் பிடித்திருந்த செராங் வேகத்தைக் குறைத்து விசிலை இழுத்தார். படகுகளிலிருந்து "தா தாவு! தா தாவு!" என்று கத்தினார்கள். நான் மூடியைத் திறந்து, "அண்ணே, மேல வாங்க!" என்றேன்.

"சல்லடை அடைச்சிருச்சு டிரசர், கழுவிட்டு வர்றேன்" என்று கீழேயிருந்து குரல் வந்தது. குரல் உடைந்திருந்தது. அவர் அழுதுகொண்டிருக்கிறார் என்று புரிந்ததால் நான் மூடியைச் சாத்திவிட்டு அதன்மேலேயே நின்றுகொண்டேன்.

சில வாரங்கள் கழித்து, மீன்பிடிப்பு பற்றி அறிக்கை எழுதும் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் விஷயம் கேள்விப்பட்டு வந்தார். மருந்தகத்தில் வைத்துத்தான் பேச்சு. நான் இங்கிலீஷில் மாற்றிச் சொன்னேன்.

"குஞ்சுகளை விட்டுவைத்ததால் மீன் திரும்பியது. அப்படித்தானே?"

"மழை வந்துச்சு. கடல்ல சாப்பாடு வந்துச்சு. இவங்க காத்திருந்தாங்க. மூணும் சேர்ந்து நடந்துச்சு. எது எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது."

"அறிக்கையில் ஒன்றை முக்கியமாகச் சொல்ல வேண்டுமே."

"பார்க்காததை எழுத வேணாம்னு துரைகிட்ட சொல்லுங்க டிரசர்."

நான் அதை அப்படியே சொன்னேன். துரை நோட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நிறுத்தி, சிவப்புக் கோட்டைக் காட்டி, இது என்ன என்று கேட்டார்.

இவர் என்னைப் பார்க்கவில்லை. "அன்னைக்கு யாரும் அளக்கல" என்று மட்டும் சொன்னார். நான்தான் அந்தப் பொய்யை எழுதியவன் என்று துரையிடம் நானே சொன்னேன்.  துரை, "இந்த ஒரு பக்கத்துக்காக மற்ற பக்கங்களையெல்லாம் நம்புகிறேன்" என்று சொல்லி, நோட்டை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார். அறிக்கையில் மூன்று காரணங்களையும் போட்டு, எது எவ்வளவு என்று தெரியவில்லை என்றும் எழுதினாராம்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். கெம்போங் பாசாரில் மலிந்து கிடந்த நேரம். யாருக்கும் எந்தக் குறையும் இல்லை. ஒரு காலை பாக் மாட் கூடைகளோடு ஏறினார். இவர் மேலே வந்து அவர் பக்கத்தில் குந்தினார்.

"புட்டி இறங்குகிறது. ஒரு மாதமாக."

"எவ்வளவு?"

"இப்போது ஒரு கோடுதான் நிற்கிறது."

"மீன் குறையுமா?"

"தா தாவு. குறைந்தாலும் குறையலாம்."

பாக் மாட் தலையாட்டினார். 

மறுநாள் லாஞ்சி கரையை விட்டபோது வடக்கே பார்த்தேன். கம்பத்துப் படகுகளில் பாதி மணலில் ஏறியிருந்தன. வலைகள் கொடியில் காய்ந்தன. கடல் அமைதியாக இருந்தது, காற்றும் இல்லை, மீன்பிடிக்க அதைவிட நல்ல நாள் கிடைக்காது. லாஞ்சிக்குப் புதிதாக வந்த ஒருவர், கணக்கப்பிள்ளை போலிருந்தார், என்னிடம் கேட்டார்.

"என்ன சார், இவ்வளவு நல்ல நாள்ல படகெல்லாம் கரையில கிடக்குது? ஏதும் பண்டிகையா? அரசாங்க உத்தரவா?"

நான் இயல்பில் சத்தமாகப் பேசுகிறவன் இல்லை. அன்றைக்கு லாஞ்சி முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

"உத்தரவும் இல்லை, பண்டிகையும் இல்லை சார். எங்க எஞ்சின் டிரைவர் நேத்து ஒரு வார்த்தை சொன்னாரு. அதான்."